படத்தை வாசிக்க விதி இல்லை

போன மாதம் கிள்ளானில் ஒரு பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கண் தெரியாதவர்களும் கையால் எழுத முடியாதவர்களும் தேர்வு எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் படித்துக் காட்டவும், அவர்கள் சொல்வதை விடைத்தாளில் எழுதவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வாசிப்பாளர் என்று பெயர். வகுப்பில் இருந்த இளைஞர்கள் எல்லோரும் புது வாசிப்பாளர்கள். நான் ஓய்வு பெற்ற வாசிப்பாளர்.

முதல் பாதியில் ஒரு கணினியை மேசைமேல் வைத்து, அது கேள்வித்தாள் படிப்பதைக் கேட்க வைத்தார்கள். நன்றாகத்தான் படித்தது. செமினி என்ற ஊர்ப் பெயரை மட்டும் யாரோ வெள்ளைக்காரர் பெயர்போல உச்சரித்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பெண் எழுந்து, "ஆன்டி, மெஷினே எல்லாத்தையும் படிச்சிடுது. இனிமே எங்களுக்கு என்னா வேலை?" என்று கேட்டாள்.

"படம் வந்தா நீ வேணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. விளக்கத் தொடங்கியபோது, தேநீர் ஆறுகிறது என்று ஏற்பாட்டாளர் கையைக் காட்டினார். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் ஒன்றில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தேன், தட்டச்சு கற்றேன், கல்யாணம் செய்துகொண்டேன். எழுபதுகளின் கடைசியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் தட்டச்சர் வேலை கிடைத்தது. கல்லூரி என்று சொன்னது பெயர்ப்பலகை மட்டும்தான். படியேறிப் போனால் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்று அறைகள். கீழே மீன் பொரித்தால் மேலே தர்க்கப் பாடம் நடத்துகிறவருக்கு இருமல் வரும்.

அந்தக் கல்லூரி ஒரே காரியத்துக்காக இருந்தது. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை இங்கிருந்தபடியே படிக்க வழியிருந்தது. பள்ளிச் சான்றிதழ் போதாதவர்களும், வேலைக்குப் போய் வயதாகிவிட்டவர்களும் முதலில் ஒரு நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். நாங்கள் ஆட்களைத் தயார்செய்தது அந்தத் தேர்வுக்குத்தான். போலீஸ்காரர்கள் வந்தார்கள், குமாஸ்தாக்கள் வந்தார்கள், ஏனென்று தெரியவில்லை, ஒரு பல் டாக்டரும் வந்தார். ஒரு நீண்ட பத்தியைப் படித்து அதன்மேல் கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தர்க்கக் கேள்விகள், கடைசியில் ஒரு கட்டுரை. இதற்குச் சட்டம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், யோசிக்கத் தெரிந்தால் போதும் என்று விளக்கத் தாளில் எழுதியிருந்தது. பாதிப் பேர் தோற்றுப்போனது அதனால்தான்.

கல்லூரியை நடத்தியவர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இங்கே அரசாங்க உத்தியோகம். இவரும் நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்திலோ தமிழிலோ அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, தாழ்ந்தும் கேட்டதில்லை. தேறிவிட்டேன் என்று ஒருவன் ஓடிவந்தால், "அப்ப பட்டத்தை எப்ப எடுக்கிறீர்?" என்பார். தோற்றுவிட்டேன் என்று ஒருவன் அழுதுகொண்டு வந்தால், அதே குரலில், "அப்ப திரும்ப எப்ப எழுதுறீர்?" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தேநீர் வரும். பாலும் சீனியும்கூட ஒரே அளவு.

நான் சேர்ந்து கொஞ்ச காலத்தில், பார்வை மங்கிக்கொண்டு வந்த ஓர் அஞ்சலக ஊழியர் தேர்வெழுத விரும்பினார். வாசிப்பாளர் வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. வாசிப்பாளர் எங்கே கிடைப்பார் என்று சொல்லவில்லை. குலசிங்கம் என் தட்டச்சு மேசைக்கு வந்து நின்றார்.

"பாக்கியம், நீர் ஆங்கிலம் சத்தமா வாசிப்பீரோ?"

"வாசிப்பேன் சார்."

"வாரும்."

தன் அறைக்குள் கூட்டிப்போய், நான் பலமுறை தட்டச்சு செய்திருந்த ஒரு பழைய கேள்வித்தாளையும் அதன் விடைப் பட்டியலையும் கொடுத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். முதல் கேள்வியையும் அதன் நான்கு விடைகளையும் வாசித்தேன்.

"சீ" என்றார்.

விடைப் பட்டியலைப் பார்த்தேன். சீதான். அடுத்தது வாசித்தேன். "ஏ" என்றார். அதுவும் சரி. அந்தப் பக்கம் முழுவதும் அவருக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவு கெட்டிக்காரரா என்று நினைத்தேன்.

"நான் கேள்வியைக் கேக்கவே இல்லை, பிள்ளை" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "உம்மட மூச்சைத்தான் கேட்டனான். சரியான விடை வர முதல் நீர் ஒரு மூச்சு எடுக்கிறீர்."

மறுபடி வாசித்தேன். மூச்சை அடக்கினேன். "இப்ப அடக்கிறீர்" என்றார். எல்லா விடைகளுக்கும் மூச்சு எடுத்தேன். "சரியானதுக்குக் கொஞ்சம் நீளமா எடுக்கிறீர்" என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"நீர் அங்க போய் இருந்தா ஆள் இல்லை. நீர் பேப்பர். பேப்பருக்கு அபிப்பிராயம் இல்லைத்தானே?"

"இல்ல சார்."

"அப்ப சரி."

பிறகு எனக்கு இயற்பியல் கேள்வித்தாள்களை வரவழைத்துக் கொடுத்தார். எனக்கு இயற்பியலில் ஒன்றும் தெரியாது. தெரியாத கேள்வியை வாசிக்கும்போது என் குரல் எவ்வளவு நேர்மையாக இருந்தது என்று கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தக் குரலைப் பிடித்துவைத்துக்கொண்டு, தெரிந்த கேள்விக்கும் அதையே போடப் பழக வேண்டும். பல வாரங்கள் பழகினேன். வீட்டில் கணவர், "தோசையா, இடியாப்பமா, சப்பாத்தியான்னு ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி கேக்குற. உனக்கு எது செய்ய இஷ்டம்னே தெரியல" என்று குறைபட்டார். குலசிங்கத்திடம் இதைச் சொன்னேன். "அப்ப முன்னேற்றம் இருக்கு" என்றார்.

எழுதும் பக்கமும் அவ்வளவு லேசில்லை. தேர்வு எழுதுபவர் சொன்னதை, சொன்னபடி எழுத வேண்டும். இலக்கணம் திருத்தக் கூடாது. கடினமான சொற்களை அவரே எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். ஒருமுறை, மோட்டார் சைக்கிளில் விழுந்து வலது கை உடைந்த இளைஞன் ஒருவனுக்கு எழுதப் போனேன். அவன் கட்டுரையைச் சொல்லத் தொடங்கினான். சட்டம் என்பது ஒரு சமுதாயத்தின், என்று அழகாக ஆரம்பித்தவன் நடுவில் மறந்துபோய், "அலாமாக், ஐயோ, என்னா அது?" என்றான். எழுதினேன். கட்டுரை முழுவதும் அவனுக்கு மறந்துகொண்டே இருந்தது. நானும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

திருத்தியவர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். குலசிங்கம் பதிலில், அவர் சொன்னார், வாசிப்பாளர் எழுதினார் என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். பையன் தேறிவிட்டான். அதற்குப் பிறகு, அடிக்க வேண்டியது எது, வைக்க வேண்டியது எது என்று தேர்வு எழுதுபவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தார்கள்.

லூர்துமேரி வந்தது எண்பதுகளின் நடுவில். வெள்ளைக் கோலைத் தட்டியபடி படியேறி வந்து, என் மேசைக்கு நேரே நின்றாள். முப்பது வயது இருக்கும்.

"அக்கா, கீழே கெம்போங் மீன் பொரிக்கிறாங்க. கருகப் போகுது. யாராச்சும் போய்ச் சொல்லுங்க."

சொல்லப் போனேன். கருகிவிட்டிருந்தது.

கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். சின்ன வயதில் அம்மை கண்டு பார்வை போயிற்று. கண் தெரியாதோர் பள்ளியில் படித்தாள், டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி எடுத்தாள், கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்தாள். பிரிக்பீல்ட்ஸில் இன்னும் சில பெண்களோடு வாடகை வீட்டில் இருந்தாள். குலசிங்கம் எல்லோரையும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டார்.

"ஏன் சட்டம் படிக்க வேணும்?"

"எங்க ஆபீஸ்ல எட்டு லாயருங்க இருக்காங்க சார். அவங்க போன்ல பேசுறத தினமும் கேக்குறேன். ரெண்டு பேரத் தவிர மத்தவங்க வேலைய நானும் செய்யலாம்னு தோணுது."

"அந்த ரெண்டு பேர்?"

"அவங்க நல்லா செய்றாங்க சார்."

குலசிங்கத்தின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டேன்.

முழுக் காரணத்தை அவள் என்னிடம் பிறகு சொன்னாள். அலுவலகத்தில் புது டெலிபோன் ஏற்பாடு வரப்போகிறது. ஒவ்வொரு மேசைக்கும் நேர் இணைப்பு. ஆபரேட்டர் வேண்டியதில்லை. மேலாளர் நல்ல மனிதர், முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"எங்களுக்குன்னு மூணு வேலைதான் அக்கா. டெலிபோன், கூடை பின்றது, மசாஜ். டெலிபோன் போச்சு. கூடை எனக்கு வராது. ஒருத்தர் முதுகத் தொடணும்னாலே கூச்சம். நாலாவதா ஒண்ணு இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா திரும்பி எஸ்டேட்டுக்குப் போயி எங்கண்ணன் வீட்ல உக்காந்திருக்கணும்."

"அண்ணன் நல்லா பாத்துக்க மாட்டாரா?"

"நல்லா பாத்துக்குவாரு. அதான் பயமா இருக்கு."

அந்த ஆண்டு முழுக்க, அவள் வேலை முடிந்து வந்த பிறகு சேர்ந்து உட்கார்ந்தோம். நான் வாசிப்பேன், அவள் பிரெய்லில் குறிப்பெடுப்பாள். ஓர் இரும்புச் சட்டத்தில் தடித்த காகிதத்தை மாட்டி, மழுங்கிய ஊசியால் குத்திக் குத்தி எழுதுவாள். குத்துவது ஒரு பக்கம், புள்ளி மேடாக எழும்புவது மறுபக்கம். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் குத்த வேண்டும். பிறகு தாளைப் புரட்டினால் நேராக வாசிக்கலாம். ஒரு நாள் நானும் முயன்று பார்த்தேன். என் பெயரின் முதல் எழுத்தைக் குத்தினேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, இது ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை என்றாள்.

பழைய கேள்வித்தாள்கள் எல்லாவற்றையும் முடித்தோம். எதிலும் படம் கிடையாது. எல்லாம் வெறும் எழுத்துதான்.

தேர்வு நடந்தது நகரத்தில் வேறு ஒரு கட்டடத்தில். மற்றவர்களுக்குப் பெரிய மண்டபம், எங்களுக்குத் தனியாக ஒரு சின்ன அறை. கண்காணிப்பாளராக மிஸஸ் வோங் என்று ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை வந்திருந்தார். எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் என்பதால், அறைக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டார். விதித்தாளை முழுவதுமாக எங்களுக்குப் படித்துக் காட்டினார். என் குரலைவிட அவர் குரல் இன்னும் தட்டையாக இருந்தது. எனக்கு மரியாதை வந்துவிட்டது.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. இரண்டாம் பகுதியின் நடுவில் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு சாலைச் சந்திப்பின் வரைபடம். கோடுகள், அம்புக்குறிகள், வண்டிகளின் உருவங்கள், அவற்றின் பக்கத்தில் வட்டத்துக்குள் எழுத்துகள். அடுத்து வந்த கேள்விகள் எல்லாம் அதன்மேல்தான். நான்கு விடைகள் தராமல், காரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தது.

அச்சில் இருந்ததை வாசித்தேன். "கீழுள்ள வரைபடத்தைப் பார்க்கவும்."

லூர்துமேரியின் ஊசி நின்றது. "வரைபடமா?"

நான் பதில் சொல்லவில்லை. பேப்பர் பதில் சொல்லாது.

"அது எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா?"

மிஸஸ் வோங்கைப் பார்த்தேன். அவர் விதித்தாளைத் தொடக்கத்திலிருந்து படித்தார். திரும்பவும் படித்தார். "படம் பற்றி எதுவும் இல்லை. அச்சிட்டதை வாசிக்கலாம், விளக்கக் கூடாது என்று மட்டும் இருக்கிறது" என்றார். கதவைத் திறந்து ஆளனுப்பி, பல்கலைக்கழகப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொன்னார். அங்கே யாரும் எடுக்கவில்லை என்று செய்தி வந்தது.

நான் வாயைத் திறந்து, இடது பக்கத்திலிருந்து ஒரு லாரி வருகிறது என்று சொன்னால் அது விளக்கம். விடைத்தாள் முழுவதும் ரத்தாகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பகுதியே போய்விடும், அது போனால் தேறுவது நடக்காது. என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லூர்துமேரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "வாசிப்பாளரிடம் பந்துமுனைப் பேனா இருக்கிறதா?"

"இருக்கிறது."

"மேடம், உங்களிடம் செய்தித்தாள் இருக்கிறதா?"

மிஸஸ் வோங்கிடம் இருந்தது. காலையில் படித்துவிட்டு மடித்து வைத்திருந்தார்.

"செய்தித்தாளை அடியில் மெத்தைபோல வையுங்கள். அதன்மேல் கேள்வித்தாளை வைத்து, அதிலுள்ள எல்லாக் கோடுகள்மேலும் பேனாவை அழுத்தி இழுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் கோடுகள் மேடாக எழும்பும். நான் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். வாசிப்பாளர் எதுவும் பேச வேண்டாம்."

மிஸஸ் வோங் யோசித்தார். "பின்பக்கத்திலிருந்து தடவினால் எல்லாம் இடம் வலம் மாறி இருக்குமே" என்றார்.

"நான் எழுதுவதெல்லாம் அப்படித்தான் மேடம்."

"பேசக் கூடாது" என்று மிஸஸ் வோங் என்னிடம் சொன்னார். தன் செய்தித்தாளைத் தானே மடித்து மேசைமேல் வைத்தார்.

ஒவ்வொரு கோடாக இழுத்தேன். இங்கேயும் ஒரு தொல்லை இருந்தது. எந்தக் கோடு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கை தானாக அழுத்தும். லாரிக்கும் நடைபாதைக்கும் ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் இழுத்து முடித்து, தாளைப் புரட்டி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் விரல்கள் சாலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய், வண்டிகளின் உருவங்களைத் தடவின. "இந்த வட்டத்தில் என்ன எழுத்து அச்சிட்டிருக்கிறது?" என்று கேட்டாள். எல் என்றேன். "இதில்?" எம் என்றேன். எழுத்து அச்சுதானே, வாசிக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வட்டம் இருந்தது. மூலையில், சைக்கிளில் ஒரு சிறுமி. அவள் விரல் அதன் பக்கத்தில் போயிற்று, திரும்பிற்று, மறுபடி போயிற்று, நிற்காமல் வந்துவிட்டது. செய்தித்தாள் அந்த மூலைவரை எட்டவில்லை. கோடு எழும்பவே இல்லை. அதை நான் பார்த்தேன். மிஸஸ் வோங்கும் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

லூர்துமேரி விடை சொல்லத் தொடங்கினாள். லாரி, மோட்டார் சைக்கிள், யார் யாருக்கு வழிவிட்டிருக்க வேண்டும். எழுதினேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"கேள்வியை முதலிலிருந்து வாசியுங்கள்."

வாசித்தேன். மூன்று தரப்பினரில் என்று ஒரு சொல் அதில் வருகிறது. அதைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நிறுத்தவில்லை. இயற்பியல் மாதிரி வாசித்தேன்.

"மூன்றா?" என்றாள். தாளை மறுபடி தடவினாள். பிறகு நிமிர்ந்து, "வரைபடம் முழுவதையும் இன்னொரு முறை இழுக்கச் சொல்லுங்கள், மேடம். ஒரு இடத்தை மட்டும் இல்லை. எல்லாவற்றையும்" என்றாள்.

மிஸஸ் வோங் எழுந்து வந்து, செய்தித்தாளைப் பிரித்து அகலமாக மடித்து வைத்தார். நான் மறுபடி இழுத்தேன். இந்த முறை விரல் மூலைக்குப் போனதும் நின்றது.

"இதில் என்ன எழுத்து?"

"கே."

"எழுதியதை அடியுங்கள். இனி சொல்வதை எழுதுங்கள்."

எழுதினேன். மணி அடித்தபோதும் கட்டுரையின் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

மிஸஸ் வோங் நேர்மையான பெண்மணி. நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினார். வாசிப்பாளர் கேள்வித்தாளில் கோடு கிழித்தார் என்பதும் அதில் இருந்தது. லூர்துமேரியின் தேர்வு முடிவை நிறுத்தி வைத்துவிட்டு, பிரதிநிதி எங்களை வரச் சொன்னார். உதவி செய்தது உறுதியானால் தாள் ரத்து, சில ஆண்டுகளுக்கு மறுபடி எழுதவும் முடியாது. அதற்குள் அவள் அலுவலகத்தில் புது டெலிபோன்களும் வந்துவிட்டன. அவள் சும்மா இருந்த ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் வேலை போகப்போகும் மாதக் கடைசிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரதிநிதி ரஹ்மானை மலாய் வழக்கப்படி என்சிக் ரஹ்மான் என்போம். நல்ல மரியாதைக்காரர். எங்களுக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார். லூர்துமேரி என் ஒரு பக்கத்திலும் குலசிங்கம் மறுபக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். வரும் வழியில் எனக்கு ஆறுதலாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அன்று நீதிமன்றக் காலத்துக் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கோடுகளைத் தடவி இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் மேலிடத்தின் சந்தேகம்" என்றார் என்சிக் ரஹ்மான். "வாயால் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். கண்காணிப்பாளர் சொல்லவில்லை என்கிறார். இருந்தாலும்."

"சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது" என்றார் குலசிங்கம். "என் ஆளை வெளியே அனுப்புகிறேன். நீங்களே ஒரு படம் வரையுங்கள். எங்களுக்குத் தெரியாத படமாக இருக்கட்டும்."

நான் வெளியே போனேன். கதவு திறந்தே இருந்ததால் என்சிக் ரஹ்மானின் முதுகு தெரிந்தது, மற்றதெல்லாம் கேட்டது. என்சிக் ரஹ்மான் கொஞ்ச நேரம் எதையோ வரைந்தார். எழுந்து போய், மேசைமேல் கிடந்த பத்திரிகையை எடுத்து அடியில் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வரைந்தார். பிறகு தாளைப் புரட்டும் சத்தம்.

"இது ஒரு வீடு" என்றாள் லூர்துமேரி. "வாசல் இது. கூடம். இரண்டு படுக்கையறை. பின்னால் சமையலறை." விரல் நின்றிருக்க வேண்டும். "இது கழிவறையா? கதவு அடுப்படிக்கு நேராகத் திறக்கிறதே. உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறதா, சார், இல்லை கோடு மாறிவிட்டதா?"

என்சிக் ரஹ்மான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"செலாயாங்கில் நாங்கள் புதிதாக வாங்கிய வீடு" என்றார். "என் மனைவி தினமும் இதைத்தான் சொல்கிறாள்."

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். குலசிங்கத்திடம் போய்ச் சொன்னோம். "அப்ப பட்டத்தை எப்ப எடுக்கிறீர்?" என்றார். லூர்துமேரிக்குப் பாலும் சீனியும் போட்ட தேநீர் வந்தது. அவர் அன்று தன் தேநீரைக் குடிக்க மறந்துவிட்டார். அது மேசைமேல் ஆடை படிந்து கிடந்ததைச் சாயங்காலம் நான்தான் எடுத்துக் கழுவினேன். அடுத்த ஆண்டிலிருந்து, படம் வந்தால் என்ன செய்வது என்று விதித்தாளில் ஒரு பத்தி சேர்ந்தது. யார் எழுதியது என்று போடவில்லை. வாக்கியங்களைப் படித்தால் பதிவாளர் அலுவலகத்து நடை.

பட்டம் எடுக்க அவளுக்கு நெடுங்காலம் ஆயிற்று. பகலில் கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலங்களில் நான் சட்டப் புத்தகங்களை கேசட்டில் வாசித்துக் கொடுத்தேன். ஒரு வருடம் தோற்றாள், மறுபடி எழுதினாள். இங்கே வழக்காட எழுத வேண்டிய பரீட்சையையும் முடித்த பிறகு, வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சிக் காலம் செய்ய வேண்டும். பல அலுவலகங்களில் கதவை மரியாதையாகத் திறந்தார்கள், மரியாதையாக மூடினார்கள். கடைசியில் அவளுடைய பழைய அலுவலகத்தில், நன்றாக வேலை செய்கிறார்கள் என்று அவள் சொன்ன இருவரில் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அவள் தனியாக நடத்திய முதல் வழக்கைப் பார்க்கக் கிள்ளான் நீதிமன்றத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு மரத்தின் வேர் தன் வீட்டுச் சாக்கடையை உடைத்துவிட்டது என்று ஓர் அம்மாள் போட்ட வழக்கு. மாஜிஸ்திரேட் லூர்துமேரியிடம் பேசும்போதெல்லாம் குரலை உயர்த்தினார்.

"துவான், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது" என்றாள் அவள்.

மாஜிஸ்திரேட் மன்னிப்புக் கேட்டார். அவள் வாதாடினாள். ஒரு கையால் குறிப்புகளைத் தடவிக்கொண்டே, சாட்சியை நிதானமாகக் கேட்டாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மரம் வேலிக்கு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. தோற்றுவிட்டாள். கட்சிக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல பிள்ள, அந்த மரத்தப் பத்தி நீ பேசின மாதிரி இதுக்கு முன்னால யாரும் பேசினதில்ல" என்றார்.

திரும்பும்போது ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஷா ஆலாம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, தீர்ப்பு சொல்றப்ப நடுவுல நிறுத்தினாரே மாஜிஸ்திரேட். அப்ப என்னா பண்ணிட்டிருந்தாரு?"

"உன்னப் பாத்துட்டிருந்தாரு."

"எப்படிப் பாத்தாரு?"

என் வாய் பழக்கத்தில் மூடிக்கொண்டது. பிறகுதான், இது தேர்வு அறை இல்லை, ரயில் என்று உறைத்தது.

"வேற தீர்ப்பு சொல்ல முடியுமான்னு தேடிட்டிருக்கிற மாதிரி" என்றேன். "நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிஞ்சாரு. ஆனா மீசை அவருக்குப் பொருந்தல. வச்சிருக்கவே கூடாது."

"அப்புறம்?"

அப்புறம் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் சட்டைக் காலர், சாட்சி பொய் சொன்னபோது காதைச் சொறிந்தது, அவள் காது கேட்கிறது என்று சொன்னதும் குமாஸ்தா மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தது, அவள் கறுப்பு அங்கியின் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதை நாளைக்குத் தைக்க வேண்டும் என்பது. ஒவ்வொன்றுக்கும் என் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அவ்வளவு அபிப்பிராயங்கள் இருந்தது எனக்கே தெரியாது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். எதிரே இருந்த மலாய்க்காரப் பெண்மணியும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் நாங்கள் இறங்கியிருக்க வேண்டும். இருவரும் இறங்கவில்லை. ரயில் சென்டூலில் போய் நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை என்பதால் எல்லோரும் இறங்கினார்கள்.

"திரும்பிப் போற ரயில் இதேதான் அக்கா" என்றாள் லூர்துமேரி. "உக்காருங்க. சாட்சிக் கூண்டுல கடைசியா வந்தாரே, அவரப் பத்தி நீங்க இன்னும் சொல்லல."